லொறிக்கு மேலே கார், காருக்குள்ளே நான்

பிள்ளைகளே, பொறாமைப்படக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லுகிற பெரியவர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சொல்லும்போதே அவர்களுடைய கண் அடுத்த வீட்டு வாசலில் நிற்கிற வாகனத்தில் இருக்கும். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. என் கண் என் சகலன் குகனின் லொறியில் இருந்தது.

சகலன் என்றால், என் மனைவி சுமதியின் தங்கையைக் கட்டியவன். நானும் அவனும் வட்டக்கச்சியில் ஒரே வாய்க்கால் தண்ணீரில் நெல் விதைக்கிறவர்கள். என்னைவிட இளையவன். ஆனால் அவனிடம் நெல் ஏற்றுகிற நீல நிற லொறி ஒன்று இருந்தது. முன்கண்ணாடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூமாலை. ஹோன் அடித்தால் நாதஸ்வரம் கேட்கும். (உண்மையில் கடா ஆடு கத்துகிற மாதிரித்தான் இருக்கும். என் மகளின் காதுக்கு அது நாதஸ்வரம்.)

மகள் தாரணி அப்போது சின்னப் பிள்ளை. பள்ளிக்கூட வாசலில் ஒரு பக்கம் என் மோட்டார் சைக்கிளும் மறுபக்கம் சித்தப்பாவின் லொறியும் நின்றால், அவள் யோசிக்காமல் லொறியில் ஏறுவாள். நான் அவளுடைய புத்தகப் பையை மட்டும் ஏற்றிக்கொண்டு, லொறி கிளப்புகிற புழுதியைத் தின்றபடி பின்னால் போவேன்.

ஒரு நாள் 'எனது குடும்பம்' என்று படம் கீறிக்கொண்டு வந்தாள். தாளின் முக்கால்வாசியை நீல லொறி பிடித்திருந்தது. சாரதி இருக்கையில் சித்தப்பா சிரித்தார். பக்கத்தில் அம்மா, சித்தி, இவள். ஒரு மூலையில் குச்சி மாதிரி ஒருவர்.

"இது அப்பாவோ?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"இல்லை, அது வயலிலை நிக்கிற வெருளி."

"அப்ப நான் எங்கை?"

"உங்களுக்கு இடம் காணேல்லை அப்பா."

வயலில் மயில் கலைக்க நான் துணி சுற்றி நட்ட வெருளிக்கு இடம் இருந்தது. நட்டவனுக்கு இல்லை. அன்றைக்குத்தான் கார் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வாங்கியது பழைய ஹைபிரிட் கார். அதில் பெற்றோல் எஞ்சினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. பின் இருக்கைக்குக் கீழே ஒரு பெரிய பற்றரி. மெதுவாகப் போகும்போது எஞ்சின் தானாக நின்றுவிட, கார் அந்தப் பற்றரியில் சத்தமில்லாமல் ஓடும். நான் ஓ.எல். வரைதான் படித்தவன். விற்றவர் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. அந்தப் பாதியை ஊருக்குள் இரண்டு மடங்காக்கிச் சொன்னேன்.

"தம்பி, இதுக்குப் பெற்றோல் சும்மா ஒரு சாட்டுக்குத்தான்" என்றேன் குகனிடம். "பற்றரியிலேயே போகும்."

"அப்ப பெற்றோல் மூடியை வெல்ட் பண்ணி விடுங்கோ அண்ணை" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். தாரணிதான் அதிகம் சிரித்தாள்.

அந்த வருடம் வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடனப் போட்டி. தாரணிக்கு மயில் வேடம். எங்கள் வயலில் நெல்லை மேய்ந்துவிட்டு மயில்கள் உதிர்த்த இறகுகளை அவள் ஒரு வருடமாகப் பொறுக்கி வைத்திருந்தாள். ஈர்க்கில் கட்டி, சுமதி அவற்றைத் தோகையாக்கினாள். விரித்தால் எங்கள் கதவுக்குள்ளால் போகாது. தோகை இல்லாவிட்டால் மயில் வெறும் கோழி என்று தாரணியே சொல்லிவிட்டாள்.

குகனும் அன்றைக்கு உரம் ஏற்ற வெறும் லொறியோடு வவுனியா போக இருந்தான். "தோகை லொறியிலை வரட்டும்" என்றாள் தாரணி. "நானும் தோகையோடை வாறன்."

நான் தோகையை மடித்து என் காரின் பின் இருக்கையில் திணித்தேன். தோகை போன இடத்துக்கு மயிலும் வந்துதானே ஆக வேண்டும்?

கிளிநொச்சி தாண்டுமுன் சுமதி சொன்னாள், "இஞ்சருங்கோ, மஞ்சள் லைற் ஒண்டு எரியுது. பெற்றோல் முடியுது போல."

அந்த நேரம் பார்த்து வலப்பக்கத்தில் பெற்றோல் நிலையம். உள்ளே நீல லொறி நின்று டீசல் குடித்துக்கொண்டிருந்தது. லொறிக்கு மேலால் எட்டிப் பார்த்த குகன் என்னைக் கண்டதும் கையைக் காட்டி, "வாங்கோ வாங்கோ" என்று கூப்பிட்டான்.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? திருப்பி உள்ளே விட்டிருப்பீர்கள். புத்தியுள்ள பிள்ளைகள். நான் ஹோன் அடித்துக் கையசைத்துவிட்டு நேரே போனேன்.

மாங்குளமும் போய்விட்டது. கனகராயன்குளத்தை நெருங்கும்போது எஞ்சின் ஒரு முறை இருமியது. பிறகு அடங்கிவிட்டது. ஆனால் கார் நிற்கவில்லை! சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"பிள்ளை, பாத்தியே? பெற்றோல் இல்லாமல் ஓடுது!"

தாரணி முன் இருக்கைகளுக்கு நடுவால் தலையை நீட்டினாள். "மெய்யாவோ அப்பா?" லொறியைப் பார்க்கிற அதே கண்ணால் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் காரே இல்லாமலும் ஓடியிருப்பேன்.

"நிப்பாட்டுங்கோப்பா" என்றாள் சுமதி.

அவள் சொன்ன இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் இன்னும் அழுத்தினேன். கொஞ்சத் தூரத்தில் முன்னால் இருந்த எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன, கோயில் திருவிழா மாதிரி. கார் றோட்டோரத்துப் புல்லில் போய் நின்றது.

பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"என்ன அண்ணை, காத்து வாங்குறியளோ?"

"சும்மா... பிள்ளைக்கு இடம் காட்டுறன்."

"சித்தப்பா, பெற்றோல் முடிஞ்சுது" என்றாள் தாரணி.

குகன் சிரிக்கவில்லை. (பிறகு சிரிப்பதற்குச் சேமித்து வைத்தான் என்று இப்போது தெரிகிறது.) லொறியில் கிடந்த பிளாஸ்டிக் கானை எடுத்துக்கொண்டு போய்ப் பெற்றோல் வாங்கி வந்து ஊற்றினான். நான் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். விளக்குகள் எரிந்தன. எஞ்சின் அசையவில்லை.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணிய கை இது. சும்மா விடுமா? "தள்ளினால் பிடிக்கும்" என்றேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள், தேத்தண்ணிக் கடைக்காரர், குகன் எல்லோரும் தள்ளினார்கள். கடைவாசல் வரை தள்ளினார்கள். பிடிக்கவில்லை. திருப்பித் தள்ளினார்கள். அதற்கும் பிடிக்கவில்லை. பஸ் வந்தது, தள்ளியவர்களில் பாதிப் பேர் ஏறிப் போனார்கள்.

"அப்ப பற்றரிதான் செத்திட்டுது" என்று, பக்கத்து வயலில் நின்ற ட்ரக்டரின் பற்றரியை இரவல் கேட்டுத் தூக்கி வந்தேன். காரின் முன்பக்கத்துச் சின்னப் பற்றரிக்கு வயர் கொடுத்தேன். ஹோன் நல்லாக அடித்தது, விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவ்வளவுதான். 'செத்தது பின்னால் கிடக்கிற பெரியதல்லவா' என்று பின் இருக்கையைத் தூக்கினேன். உள்ளே கட்டைவிரல் தடிப்பில் செம்மஞ்சள் வயர்கள். கையை நீட்டினேன்.

"அண்ணை!" குகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அதிலை கை வையாதேங்கோ. ஆளையே எரிச்சுப் போடும்."

பிள்ளைகளே, சிரிப்பை நிறுத்திவிட்டு இதை மட்டும் கேளுங்கள். இந்த வகைக் காரில் செம்மஞ்சள் வயர் என்றால் உயர் மின்சாரம். பற்றரி செத்துவிட்டது என்று யார் சொன்னாலும் அது ஆளைக் கொல்லும். தொடாதீர்கள்.

குகன் வவுனியாவில் ஹைபிரிட் திருத்துகிற ஒரு கராச்சுக்குப் போன் அடித்தான். "கட்டி இழுத்து உருட்டிக்கொண்டு வராதேங்கோ, ஏத்திக்கொண்டு வாங்கோ" என்றார்கள்.

"அப்பா," தாரணியின் குரல் உடைந்தது, "என்ரை டான்ஸ்?"

நான் அவளைப் பார்க்காமல் குகனின் லொறியைப் பார்த்தேன்.

பக்கத்தில் ஒரு நெல் மில் இருந்தது. மூட்டை ஏற்றுவதற்கு லொறியின் உயரத்தில் ஒரு மேடையும், அதற்கு ஏற ஒரு சரிவும். குகன் லொறியை மேடையோடு ஒட்டி நிறுத்தினான். நான் காருக்குள் இருந்து ஸ்டியரிங் வளையத்தைத் திருப்ப, மில்லில் நின்றவர்கள் பின்னால் தள்ள, கார் சரிவில் ஏறி, லொறிக்குள் போய், அளவெடுத்துத் தைத்த மாதிரி இறுகி நின்றது.

அவ்வளவு இறுக்கம். லொறியின் பக்கப் பலகை இடித்ததால் கதவு திறக்கவில்லை. யன்னலால் வெளியே வரப் பார்த்தேன். தலை வந்தது, தோள் வந்தது, வயிறு மறுத்துவிட்டது.

"நேரம் போகுது அண்ணை, நீங்கள் அதுக்குள்ளையே இருங்கோ" என்றான் குகன். தாரணி ஓடிப்போய் லொறியின் முன் இருக்கையில் அவன் பக்கத்தில் ஏறினாள். பிறகு சுமதி. லொறி புறப்பட்டது.

இப்படித்தான் நான் லொறிக்கு மேலே, என் காருக்குள்ளே, தோகையோடு வவுனியாவுக்குப் போனேன். பழக்கத்தில் இரண்டு கையும் வளையத்தைப் பிடித்திருந்தன. எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். ஒரு வளைவில் நான் என்னை அறியாமல் சிக்னல் போட்டேன். கீழே என் மகள் சித்தப்பாவோடு பாட்டுப் பாடிக்கொண்டு போவது எனக்குக் கேட்டது. எல்லாவற்றையும்விட அதுதான் எரிந்தது.

பள்ளிக்கூட மதிலோடு லொறி நின்றபோது ஒலிபெருக்கியில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். தோகையை யன்னலால் நீட்டினேன். சுமதி கீழே நின்று வாங்கினாள். இரண்டு இறகுகள் என் தலையில் மிஞ்சின. மூவரும் ஓடினார்கள்.

நான் இறங்க வழியில்லை. ஆனால் அந்த மண்டபத்துக்கு அரைச் சுவர்தான். மதிலுக்கு மேலால், சனத்தின் தலைகளுக்கு மேலால், மேடை எனக்கு நேரே தெரிந்தது. தாரணி தோகையை விரித்தாள். ஆடினாள். வயலில் நான் கல்லெறிந்து கலைக்கிற மயில் இவ்வளவு வடிவென்று அன்றைக்குத்தான் கண்டேன். கை தட்ட இடம் போதாமல் ஹோன் அடித்தேன். (நல்ல வேளை, முன்பற்றரி வேலை செய்தது.) மண்டபமே திரும்பிப் பார்த்தது. மயில் எனக்குக் கை காட்டியது.

அவளுக்கு மூன்றாம் இடம். லொறியடிக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "அப்பா! மேடையிலை நிக்கேக்கை உங்கடை முகம் மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது!"

நான் யன்னலால் கையை அவளுக்கு நீட்டினேன். அவள் முடிக்கவில்லை. "சித்தப்பா என்ன நல்ல இடத்திலை லொறியை விட்டிருக்கிறார், என்னப்பா?"

கராச்சில் என்னையும் காரையும் இறக்கினார்கள். தடித்த றப்பர் கையுறை போட்ட ஒருவர், பெரிய பற்றரிக்கென்றே இருக்கிற சார்ஜரைப் பூட்டியபடி கேட்டார்: "பெற்றோல் இல்லாமல் ஓடினனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

"ஓம் மாமா" என்றாள் தாரணி. "ஓடேக்கை 'பாத்தியே' எண்டும் கேட்டவர்."

அவர் சொல்லித்தான் விளங்கியது. இந்தக் காரில் எஞ்சினைச் சுற்றி எழுப்புவதே அந்தப் பெரிய பற்றரிதான். அதில் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால்தான் பெற்றோல் ஊற்றினாலும் எஞ்சின் பிடிக்கும். நான் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டேன். அதை அவசரப்படுத்தி ஏற்றவும் முடியாது. நோயாளிக்குக் கஞ்சி பருக்குவது போல மெல்ல மெல்ல ஏற்றினார்கள். பொழுது சாய்கிற நேரம் பட்டனை அழுத்தினேன். எஞ்சின் பிடித்தது. மிச்சத்தை அதுவே ஓடி ஏற்றிக்கொள்ளும் என்றார்கள். திரும்பி வரும்போது முதல் வேலையாகப் பெற்றோல் நிரப்பினேன். பின்னால் வந்த லொறியில் யாரோ கை தட்டினார்கள்.

இப்போது தாரணி வளர்ந்து ஏ.எல். படிக்கிறாள். வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் பிள்ளைகள் குகனைச் சுற்றிக்கொண்டு, "சித்தப்பா, கார்க் கதை சொல்லுங்கோ" என்பார்கள். என் கார், என் வெட்கம், என் மகள். கதை மட்டும் அவனுடையது! அதைவிடக் கொடுமை, அவன் என்னைவிட நன்றாகச் சொல்லுகிறான். அதனால்தான் முந்திக்கொண்டு நானே எழுதினேன்.

எழுதியதைத் தாரணியிடம் வாசிக்கக் கொடுத்தேன். முழுவதும் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, நாய் எங்கை?"

"என்ன நாய்?"

"சித்தப்பா சொல்லேக்கை, கனகராயன்குளத்திலை இருந்து ஒரு நாய் உங்களைப் பாத்துக் குலைச்சுக்கொண்டு லொறிக்குப் பின்னாலை ஓடிவரும். அதுதானே அப்பா பகிடியே!"

நாய் ஒன்றும் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. ஆனாலும் பிள்ளைகளே, லொறி புறப்பட்ட இடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போய், அங்கே ஒரு நாய் நின்றதாக வைத்துக்கொள்ளுங்கள். குகன் சொல்லுகிற நாயைவிடப் பெரிய நாய்.