சேவலுக்காக ஒரு விவாகரத்து

இளையபெருமாள் முடிவு செய்துவிட்டான். செஞ்சியின் ராஜகிரிக் கோட்டையே இடிந்து தலையில் விழுந்தாலும் சரி, இனிமேல் பெண்டாட்டி பூவாயியோடு ஒரே வீட்டில் வாழ்வதில்லை.

காரணம் சின்னதல்ல. அவன் கேழ்வரகும் பாதாம் பருப்பும் ஊட்டி வளர்த்த சண்டைச் சேவலை, அவள் விருந்துக்கு வந்த தன் தம்பி தங்கராசுவுக்குக் குழம்பு வைத்துவிட்டாள். அதைவிடக் கொடுமை, விஷயம் தெரியாமல் இவனும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, "ருசியா இருக்குது புள்ள" என்று சொல்லித் தொலைத்திருந்தான்.

பஞ்சாயத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், நாட்டாண்மை பூவாயிக்குத் தாய்மாமன். சுதந்திரம் வந்த கையோடு விவாகரத்துச் சட்டமும் வந்துவிட்டதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். நேரே வக்கீல் குமாஸ்தா பச்சமுத்துவிடம் போனான்.

"சேவலை அறுத்ததுக்கெல்லாம் சட்டத்துல எடமில்லப்பா."

"அது சேவல் இல்லீங்க. என் உசுரு."

"உசுரு போனா கொலைக் கேசு. அதுக்கு வேற கோர்ட்டு. கேளு. பொண்டாட்டி வூட்டை விட்டுப் போயி, வருஷக்கணக்கா திரும்பி வரலன்னா, கோர்ட்ல வெட்டி விட்டுடுவாங்க."

இளையபெருமாள் வயிற்றில் சோறு தங்கும், ரகசியம் தங்காது. வீட்டுக்குள் நுழைந்ததுமே கொட்டிவிட்டான்.

"ஏ புள்ள, நீ என்னை விட்டுட்டு உங்கம்மா வூட்டுக்குப் போயிடு."

"இன்னாத்துக்கு?"

"கேசு போடணும்."

பூவாயி வேர்க்கடலை முறத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை. அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும்.

"போறேன் மாமா. மல்லாட்டை பாதி உரிச்சபடி கெடக்குது. முடிச்சுட்டுப் போறேன். ஆனா அதுவரைக்கும் ஒரே வூட்ல இருந்தா கேசு கெட்டுடாதா?"

"கெட்டுடுமா?"

"ஜட்ஜி கேட்டா இன்னா சொல்லுவ? நீ சிங்கவரத்துல உன் கூட்டாளி கன்னியப்பன் கொட்டாய்ல போயி படுத்துக்க."

"அட, உனக்கு இவ்ளோ மூளையா!"

"எல்லாம் உங்கூட இருந்து வந்ததுதான். பாயை எடுத்துக்க."

கன்னியப்பன் கொட்டகையில் கொசுக்கள் இவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் செஞ்சியில் போடாத குறை. கன்னியப்பனின் குறட்டையில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சில நாளிலேயே முகம் வீங்கி, வயிறு ஒட்டி, இளையபெருமாள் குமாஸ்தாவிடம் வந்து நின்றான்.

"அய்யா, பிரிஞ்சுட்டோம். மனு எழுதுங்க."

"வூட்டை விட்டுப் போனது யாரு?"

"நான்தாங்க."

பச்சமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "அப்போ கேசு அவ போடணும்ப்பா, உன் மேல! காலையிலதான் பூவாயி வந்து வெவரமா கேட்டுட்டுப் போச்சு. வூடு அவ பேர்ல அவங்கப்பன் எழுதி வெச்சதாமே?"

இளையபெருமாள் ஓடினான். கதவு தாழிட்டிருந்தது. உள்ளேயிருந்து கருவாட்டுக் குழம்பு வாசனை வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது.

"பூவாயி! கதவைத் தொற புள்ள!"

"யாரது?"

"நான்தான், உன் வூட்டுக்காரன்."

"அவரு வூட்டை விட்டுப் போயிட்டாரே."

"வந்துட்டேன்டி! கேசும் வேணாம், ஒண்ணும் வேணாம். பசிக்குது."

"சேவல் பேச்சு எடுப்பியா?"

"செத்தாலும் எடுக்க மாட்டேன்."

"சத்தமா சொல்லு, தெருவுக்குக் கேக்கட்டும்."

சொன்னான். தெருவே கூடிச் சிரித்தது. உள்ளே கரண்டிச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு பூவாயி தீர்ப்புச் சொன்னாள்:

"வெள்ளிக்கிழமைக்கு வாய்தா!"