மூச்சுப்பிடியும் அப்பாவின் பித்தப்பையும்

திருச்சி ஜில்லாவிலேயே பிறத்தியார் வயிற்றுக்காக அதிகம் பயந்தவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் 'மூச்சுப்பிடி' என்பேன். தென்னூரில் ஒரு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சைப் பிடிங்க!" என்று அவர் போடும் சத்தத்தில் வந்த பெயர். நோயாளியோடு சேர்ந்து தானும் மூச்சைப் பிடிப்பார். பதற்றத்தில் "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட, இருவருமே முழி பிதுங்க நிற்பார்கள்.

ஈரப் படத்தோடு அவர் வெளியே வந்தால் யாரும் படத்தைப் பார்ப்பதில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உயில் எழுதக் கிளம்புவார்கள். பொறுக்க முடியாமல் டாக்டர், "இனிமே முதுகைக் காட்டிக்கிட்டு வாய்யா" என்று உத்தரவு போட்டார். அப்படியே பின்னால் நடந்து வந்து தண்ணீர்ப் பானையை உடைத்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இவரிடம் அப்பா மாட்டினார். ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே வலி. பித்தப்பையைப் படம் எடுக்க வேண்டுமாம். முதல் நாள் மாத்திரை விழுங்கினால், கல்லீரல் அந்த மருந்தை உறிஞ்சிப் பித்தப்பைக்கு அனுப்பும். மறுநாள் காலை படத்தில் பை வெள்ளையாகத் தெரியும். தெரியாவிட்டால் மெட்ராஸில் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் அடுப்பே சரியாக எரியவில்லை.

மாத்திரை விழுங்கும் நாள் சாயங்காலம் மூச்சுப்பிடி சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"முழுங்கிட்டீங்களா சார்? நாக்கைத் தூக்கிக் காட்டுங்க. காலையில ஒண்ணும் சாப்பிடக் கூடாது, ஆமா!"

மறுநாள் காலையில் எடுத்த படத்தில் பை இல்லை. மூச்சுப்பிடியின் முதுகே நடுங்கியது.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமே சாப்பிடலை," என்றார் அப்பா. "பெருமாள் பிரசாதம் ஸ்வீகரிச்சேன். அக்காரவடிசல். நெய் மிதந்தது."

"சார், சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேனே!" என்று அலறினார் மூச்சுப்பிடி.

"பிரசாதம் எப்படி ஓய் சாப்பாடாகும்?"

நெய் உள்ளே போனால் பை சுருங்கி மருந்தைக் குடலில் கொட்டிவிடுமாம். அதனால்தான் தெரியவில்லையா, கல்லீரலே கைவிட்டுவிட்டதா என்று டாக்டருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் மறுபடி மாத்திரை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மூச்சுப்பிடி எங்கள் வாசலில் காவல் நின்றார். பிரசாதத்தோடு வந்த கோயில் பட்டரை மறித்து, "சார் இன்னிக்குப் பட்டினி சாமி, பெருமாள்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினார்.

தென்னூரில் படம் கழுவும் இருட்டறைக் கதவு திறப்பதாக இல்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். திடீரென்று மூச்சுப்பிடி ஓடி வந்தார்.

"தெரியுது சார்! பிஞ்சுக் கத்திரிக்காய் கணக்கா நிக்குது! கல்லு கில்லு ஒண்ணும் இல்ல!"

இனி கொழுப்பு கொடுத்து, பை சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு முட்டை கொடுப்பார்கள். அப்பாவுக்கு என்ன கொடுப்பது என்று டாக்டர் யோசிப்பதற்குள், மூச்சுப்பிடி அலமாரியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தார். வெண்ணெய்.

"வீட்டுல கடைஞ்சது சார். நேத்தே சொல்லி வெச்சுட்டேன்."

படத்தில் பை தெரியாமல் போயிருந்தால் அந்த வெண்ணெய்க்கு அங்கே வேலையே இல்லை. வாரம் முழுக்க எங்களைவிட நடுங்கிய மனுஷர், அதை முந்தின நாளே கடையச் சொல்லியிருக்கிறார். அப்பா அதை விரலால் வழித்துச் சாப்பிட, நான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.