நாலு விரல் கொத்தனார்

இந்த ஒரு காரியத்தையாவது முர்தினாவைக் கேட்காமல் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு. கொல்லைச் சுவரை இடித்து, என் ஐந்து பாட்டுப் புறாக்களுக்கும் காற்றோட்டமாக ஓர் அறை கட்ட வேண்டும். எங்கள் சோலோ நகரத்தில் புறா பாடினால்தான் அதை வளர்ப்பவனுக்கு மரியாதை.

பறவைச் சந்தையில் பர்ஜோ என்ற காண்ட்ராக்டர் அகப்பட்டார். கை குலுக்கினார். வலது கையில் சுண்டுவிரல் இல்லை. பேச்சில் ஒரு குறையும் இல்லை.

முர்தினா விசாரணையைத் தொடங்கினாள்.

“அவரு முன்னாடி கட்டின வீடு எதையாவது போய்ப் பாத்தீங்களா, மாஸ்?”

எங்கள் ஊரில் பெண்டாட்டிகள் புருஷனை மரியாதையாக ‘மாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவதோடு சரி.

“வீட்டைப் பாக்கல. கண்ணைப் பாத்தேன். நேர்மை தெரிஞ்சுது.”

“எழுத்துல ஏதாச்சும் வாங்கினீங்களா?”

“வாக்குக் குடுத்திருக்காரு.”

“முன்பணம்?”

“பாதி.”

“வீட்டைக் கட்ட வர்றாரா, உங்க கண்ணைக் கட்ட வர்றாரா?”

பர்ஜோ வந்தார். ஒரே நாளில் சுவரைத் தரைமட்டமாக்கினார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. போன் செத்துக் கிடந்தது.

அவர் கொடுத்த அட்டையில் இருந்த விலாசத்தைத் தேடிப் போனேன். கரும்பாலை தாண்டி ஒரு சந்து. பூட்டிய வீடு. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் புல். எதிரே ஒரு பெண் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“பர்ஜோவா? அவரு போயி மூணு வருஷமாச்சே!”

“போயிட்டாரா? எங்க?”

அவள் சட்டுவத்தை நீட்டினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மையவாடி. வரிசை வரிசையாகக் கல்லறைகள். அவற்றின்மேல் வெள்ளைப் பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. காற்றே இல்லை.

அவள் மேலே ஏதோ சொன்னாள். நான் அதற்குள் ஸ்கூட்டரில் இருந்தேன்.

வீடு அமைதியாக இருந்தது. முர்தினா கூடத்தில் பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். கொல்லைக்குப் போனேன். தரைமட்டமாக இருந்த சுவர் இரண்டடி எழும்பி நின்றது. சாந்து ஈரம் காயவில்லை. கழுவி வைத்த கொத்துக்கரண்டியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூண்டில் ஐந்து புறாக்களும் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடப் பாடவில்லை.

“யாரு வந்தா?”

“யாரும் வரலையே மாஸ். ஏன் உங்க உதடு வெளுத்திருக்கு?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயம் என்றுதான் நினைத்தேன்.

“வாங்கின காசுக்கு வேலையை முடிக்காம அந்த ஆத்மாவுக்கு நிம்மதி இல்ல போல” என்றாள் மெதுவாக. “நீங்க தினமும் பள்ளிவாசலுக்குப் போய் அவருக்காக ஓதுங்க. பொழுது சாயற வரைக்கும் ஓதணும்.”

ஓதினேன். நான் ஓத ஓதச் சுவர் வளர்ந்தது. மூன்றாம் நாள் ஜன்னல் சட்டம் வந்தது. நான்காம் நாள் ஈரச் சிமெண்டில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது. விரல்களை எண்ணினேன். நான்கு. மறுபடி எண்ணினேன். நான்கேதான். என் முதுகுத்தண்டில் யாரோ ஈரக் கரண்டியை வைத்து இழுத்தது போலிருந்தது.

அன்றிலிருந்து கொல்லையில் கறுப்புக் காபியும் கிராம்பு சிகரெட்டும் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் கோப்பை காலியாக இருக்கும். சிகரெட் சாம்பலாக இருக்கும்.

ஆறாம் நாள் சுவரோரம் இடுப்புயர மேடை முளைத்தது. மேலே புகைபோக்கி.

“முர்தினா, இது புறா அறை இல்ல. அடுப்படி!”

“அதுக்கு?”

“நீ விருந்துச் சமையல் ஆர்டர் எடுக்கக் கேட்ட அடுப்படி மாதிரியே இருக்கு.”

“செத்தவர்கிட்ட வரைபடத்தைக் காட்டி வாதாடப் போறீங்களா? தாராளமாப் போங்க. நான் வரல.”

நானும் போகவில்லை.

எட்டாம் நாள் பள்ளிவாசலில் வெள்ளையடிப்பு. மத்தியானமே திரும்பிவிட்டேன். கொல்லைக் கூரையில் ஓர் உருவம் குனிந்து ஓடு பதித்துக்கொண்டிருந்தது. ஓட்டைத் தட்டிய கையில் நாலு விரல். அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

நான் அலறிய அலறலில் புறாக்கள் ஐந்தும் ஒரே சமயத்தில் கூவின.

“கத்தாதீங்க ஐயா” என்றார் பர்ஜோ. “ஏணி ஆடுது.”

முர்தினா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“போயிட்டாருன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே!”

“எங்கிட்டயும்தான் சொன்னா. உங்களுக்கு முந்தின நாளே நான் அங்க போயிட்டேன். மையவாடிக்குப் பின்னால இருக்கற தெருவுக்குக் குடி போயிட்டாரு. நான் நின்னு முழுசாக் கேட்டேன்.”

“நீ கூப்பிட்டதும் வந்துட்டாரா?”

“அவரை எங்க கூப்பிட்டேன்? அவரு சம்சாரத்தைப் பாத்துப் பேசினேன்.”

பர்ஜோ கூரையில் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவு எனக்குப் பழக்கமான குனிவு.

“எல்லாம் எழுத்துல இருக்கு” என்று ஒரு தாளை நீட்டினாள். முடிக்க வேண்டிய தேதி. ஒழுகினால் யார் பொறுப்பு. வேலை முடிய முடியத்தான் மீதிப் பணம். என்ன வேலை என்ற இடத்தில் கொட்டை எழுத்தில்: அடுப்படி.

வீட்டுக்காரர் என்ற இடத்தில் அவள் பெயர். அதற்குக் கீழே, ‘முழு மனதோடு சம்மதிக்கிறேன்’ என்ற வரிக்கு நேராக, பர்ஜோவின் ஆத்மா சாந்திக்கான விருந்துப் பட்டியல் என்று சொல்லி அவள் நீட்டியபோது நான் கண்ணீரோடு போட்ட கையெழுத்து.