இரண்டு சங்கமும் ஒரு டவுன் பஸ்ஸும்

மேடையும் மைக்கும் கிடைத்தால் எனக்கு வாய் அடங்காது. தெரிந்ததைப் பேசினால்கூடப் பரவாயில்லை.

நானும் என் மனைவி ராணியும் பி.டி. ஆசிரியர்கள். எங்கள் வட்டாரத்தில் பள்ளி விளையாட்டை நடத்த இரண்டு சங்கங்கள். பையன்கள் சங்கத்துக்கு நான் செயலாளர், பெண்பிள்ளைகள் சங்கத்துக்கு அவள். (வீட்டில் இரண்டுக்கும் அவள்தான்.) இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று கூட்டத்தில் முழங்கினேன். கைதட்டல் வேறு.

"சேத்தா எங்க பிள்ளைகளுக்கு மிச்சம் மீதி நேரந்தாங்க கெடைக்கும்" என்றாள் ராணி.

"ஒரு போட்டிய சேந்து நடத்திப் பாப்போம், அப்புறம் சொல்லு."

அட்டவணையை நானே போட்டேன். வழக்கப்படி பையன்கள் ஆட்டம் முதலில், பெண்கள் கபடி கடைசியில். பையன்கள் எந்நேரமானாலும் சைக்கிளை மிதித்துப் போய்விடுவார்கள். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் சாயங்கால பஸ்ஸை விட்டால் வீடு போக வழியில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ராணி தன் போட்டிகளை மதியமே முடிப்பதைக் கேலி செய்தவன்தானே நான்!

பையன்கள் வாலிபால் இழுத்துக்கொண்டே போனது. பெண்கள் கபடி பாதியில் இருக்கும்போது மைதான வாசலில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் நல்ல மனிதர். இறங்கி வந்து ஆட்டத்தில் லயித்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம் என்று பஸ்ஸின் பின்பக்கமாக ஓடினேன். கத்தியிருக்கலாம். கழுத்தில் விசில் தொங்கும்போது பி.டி. வாத்தியாருக்கு வாய் எதற்கு? பீ, பீ என்று இரண்டு தடவை ஊதினேன்.

ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். பஸ் கிளம்பிவிட்டது. பையை இறுக்கிப் பிடித்தபடி கண்டக்டர் பின்னால் ஓடினார். அவர் பின்னால் நான். (அப்போதும் ஊதிக்கொண்டே!)

கண்டக்டர் யாரோ ஒருவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு பஸ்ஸைத் துரத்திப் போனார். பிள்ளைகளை நாங்கள் லோடு ஆட்டோவில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டோம். கபடி கேப்டன் முத்துமாரியின் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"இனிமே வெளாட்டே வேணாங்க."

முத்துமாரிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"தப்பு என்னுதுங்க. டைம் போட்டது நாந்தான்."

ராணி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இனிமே நேரத்த நான் போடுறேண்ணே. பஸ்ஸுக்கு முந்தி முடிச்சு அனுப்புறது எம் பொறுப்பு" என்றாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "டீச்சர் டைம் போட்டா அனுப்புறேன். சார் போட்டா அனுப்ப மாட்டேன்."

அடுத்த கூட்டத்தில் அதுவே நிபந்தனையானது. சங்கங்கள் இணைந்தன, அட்டவணை ராணி கையில், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் வேலை என் கையில். அடுத்த போட்டியில் முதல் ஆட்டத்துக்கே முத்துமாரி களத்தில் இறங்கியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்புத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்றுவரை வீட்டில் அவசரத்துக்கு "ராணி, ராணி" என்று கூப்பிட முடியவில்லை. எங்கிருந்தாவது மகள் குரல் கொடுத்துவிடுகிறாள்:

"ஒரு தடவ கூப்புடுங்கப்பா. ரெண்டு தடவ கூப்புட்டா அம்மா கெளம்பிப் போயிருவாங்க."