நாற்பதே நிமிஷம்

“வாசல்லதான் நிக்கிறேன்!”

“நானும் வாசல்லதானே நிக்கிறேன்!”

தையற்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து முறைத்தார். மூன்றாவது தடவையாக இதே பேச்சு. எதிர்முனையில் சம்பந்தியாகப் போகிறவர். மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருக்கிற மனுஷர். இன்று நேரில் உட்கார்ந்து கல்யாணத் தேதியை முடிக்காவிட்டால் மகள் இவர் முகத்திலேயே விழிக்கமாட்டாள்.

டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே அவள்தான். “மலையைச் சுத்தி பஸ்ல போய் இடுப்பை ஒடிச்சுக்காதீங்கப்பா. விமானத்துல நாற்பதே நிமிஷம். ரெண்டு ஏர்போர்ட்டும் தீப்பெட்டி சைஸ்ல ஒரே மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க. முக்கியமா, அவர் என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாதீங்க.”

முதல் விமானப் பயணம். விடியற்கால மழையில், குடைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு வந்து ஏறினார். காது அடைக்குமாமே என்று இரண்டிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியவர், சக்கரம் தரையில் இடித்தபோதுதான் திறந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி நாற்பதே நிமிஷம்! ஏறிய ஊரில் குடையை மறந்ததுதான் ஒரே குறை.

முதல் ஆளாக எழுந்து இறங்கினார். பணிப்பெண் ஏதோ சொல்லிப் பதறிப் பதறிக் கையை ஆட்டினாள். என்ன மரியாதை! இவரும் பதிலுக்கு ஆட்டிவிட்டு வெளியே வந்து பஞ்சைப் பிடுங்கினார்.

அப்புறம்தான் இந்தக் கூத்து.

“சரிங்க, காரை விட்டு இறங்கிக் கையைத் தூக்குங்க” என்றார் போனில்.

“தூக்கிட்டேன்.”

“காணோமே!”

“எப்படித் தெரியும்? பனி கொட்டுது. எனக்கே என் கை தெரியல!”

தையற்காரர் நிமிர்ந்து பார்த்தார். வெயிலில் கண் கூசியது. பனியாம்! போர்வைக்குள் படுத்துக்கொண்டு புளுகுகிறாரா?

“அப்போ ஹாரன் அடிங்க.”

“அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன்!”

இங்கே காக்கா கத்தியது.

மகளின் எச்சரிக்கை காற்றில் பறந்தது. “படுக்கையை விட்டு எழுந்திருங்க சம்பந்தி, முதல்ல!”

“யாரைப் பார்த்து என்ன பேசறீங்க? நானே வீடு தேடி வந்து கூப்பிடணுமோ?”

“வேண்டாம்! நானே வர்றேன்!”

டாக்சிக்காரரிடம் சம்பந்தியின் விலாசத்தை நீட்டினார். அவர் அதைப் படித்துவிட்டு இவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஆறு மணி நேரம் ஆகுமே, சார்.”

“பத்து நிமிஷத்துல இருக்கிற வீட்டுக்கா? ஊருக்குப் புதுசுன்னா தலையில மிளகாய் அரைப்பீங்களா?”

டாக்சிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். போன் அலறியது. மகள்.

“என்னப்பா சொன்னீங்க அவர்கிட்ட? இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு குதிக்கிறாராம்!”

“நான் என்னம்மா செய்வேன்? வந்து இறங்கினவனை வரவேற்க வராம, வந்ததா சத்தியம் பண்றாரே!”

போனைச் சட்டைப்பையில் போட்டார். அப்போது உள்ளேயிருந்து காபிக்கடை அம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்து, ஒரு குடையை அவர் கையில் திணித்தாள்.

“காலையில ஏறும்போது என் கடையில விட்டுட்டுப் போயிட்டீங்களே சார்! நல்லவேளை, அங்க ஒரே பனின்னு விமானத்தைப் பாதி வழியிலேயே திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க!”