பின்சீட்டுக்கு ஒரு போல்ட்டு

சனிக்கிழமை மத்தியானம் மில்லின் வண்டி ஸ்டாண்டில் குத்தவைத்து நான் ஒரு சபதம் எடுத்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கே எனக்கு!

சபதம் எடுக்கிறவன் கையில் வாளோ வேலோ இருக்க வேண்டும். என் கையில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது.

பேர் பால்ச்சாமி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். அங்கே நான் தலையாட்டினால்தான் ஆள் உள்ளே போக முடியும். வீட்டில் தலையாட்டுவது மட்டும்தான் என் வேலை. என் மனைவி பேர் வெங்கடேஸ்வரி. வாய் திறந்து கூப்பிட்டால் 'ஈஸ்வரி'. மனசுக்குள் மட்டும் 'ஏட்டி'. அதுவும் அவள் ஊரில் இல்லாதபோது.

ஞாயிற்றுக்கிழமை வன்னியம்பட்டியில் அவள் அண்ணன் வீட்டில் விருந்து. அண்ணன் மகள் கார்த்திகாவுக்குப் போலீஸ் வேலை கிடைத்து, மறுநாள் பயிற்சிக்குக் கிளம்புகிறாள். ஈஸ்வரி தூக்கி வளர்த்த பிள்ளை. வழியனுப்பப் போகாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

கார்த்திகாவை எனக்கும் பிடிக்கும். சிக்கல் அவளைப் பெற்ற சங்கையா மச்சானிடம். பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி வந்தவருக்கு வேலை வாங்க ஒரு சிப்பாய் தேவைப்பட்டது. அந்தக் குடும்பத்தில் நான் ஒருவன்தான் சிக்கினேன். போன தடவை ஆட்டுக்கொட்டகைக்குத் தகரம் மாற்ற என்னைக் கூரையில் ஏற்றிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு தென்னை மரத்துக்குப் போய்விட்டார். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் கூரைமேல் ஒரு மாப்பிள்ளை காய்வது ஞாபகம் வந்தது.

அதே ஞாயிற்றுக்கிழமை ஜெயபாண்டி, மில்லில் என் கூட்டாளி, செண்பகத்தோப்புக்குக் கூப்பிட்டான். ஓடையில் குளியல். கரையில் கறிச்சோறு. கூரையா, ஓடையா? நீங்களே சொல்லுங்கள்.

என் மோட்டார் சைக்கிளில் ஈஸ்வரி உத்தரவின் பேரில் சேலை கார்டு, அவள் ஒரு பக்கமாக உட்கார்ந்து பாதம் ஊன்ற லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் எல்லாம் உண்டு. போல்ட்டுகளைக் கழற்றினேன். சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துவிட்டால்? பின்சீட்டுக் கால்கட்டை இரண்டையும் சேர்த்துக் கழற்றினேன். திட்டத்தில் ஓட்டை இருக்கக் கூடாது. இப்போது வண்டியில்தான் பார்த்த இடமெல்லாம் ஓட்டை.

கட்டை, கம்பியையெல்லாம் பையில் போட்டேன். போல்ட்டுகளை ஜெயபாண்டியிடம் கொடுத்தேன்.

"ஏலே, பத்திரம்."

"கவலப்படாத. கொன்னாலும் சொல்ல மாட்டேன்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டு வாசலில் ஈஸ்வரி வண்டியைச் சுற்றி வந்தாள்.

"என்னங்க இது, ஒரு போல்ட்டக்கூடக் காணோம்?"

"செட்டியார்பட்டி ரோட்டுல ஒரு வேகத்தடை. ஏறி இறங்குனேன், கட்டை கம்பியப் பொறுக்கிட்டேன், போல்ட்டு விழுந்து தொலஞ்சிட்டு."

"அம்புட்டுமா?"

"பெரிய வேகத்தடை."

"முன்பக்கம் ஒண்ணும் விழலையே?"

"முன்பக்கத்த நான் கெட்டியாப் பிடிச்சிருந்தேன்லா!"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மரை கழண்டது வண்டிக்கு மட்டுந்தானா?"

நான் அதைக் காதில் வாங்கவில்லை. "நீ நாளைக்கு பஸ்ல போ, ஈஸ்வரி. இது கம்பெனி போல்ட்டு. மதுரையில இருந்து வரணும். வந்ததும் மாட்டிக்கிட்டு நான் பொறவு வாரேன்."

"ராஜபாளையத்துல இல்லாத போல்ட்டா? தள்ளுங்க வண்டிய."

தெருமுனையில் சந்தனம் அண்ணாச்சியின் இரும்புக்கடை. டப்பா டப்பாவாக எடுத்துப் போட்டார்.

"எட்டு எம்.எம்.தான், இந்தா."

"மண்டை பெருசா இருக்கு அண்ணாச்சி."

"அப்ப இது."

"கட்டையா இருக்கு."

"இது நீளம்லா?"

"ரொம்ப நீளம்."

"இது?"

"கலர் ஒரு மாதிரி இருக்கு."

"போல்ட்டுக்கு எதுக்குய்யா கலரு? அதுக்கென்ன பொண்ணா பாக்கோம்?"

கடைசியில் ஒன்றைக் கையில் திணித்து, மாட்டிப் பார்க்கச் சொன்னார். வண்டியருகே குனிந்து, லேசாக ஒரு திருகுதான் திருகினேன். பயபுள்ள, மாமியார் வீட்டுக்குள் போகிற புது மாப்பிள்ளை மாதிரி தானாக உள்ளே போய்விட்டது! வியர்த்துவிட்டது எனக்கு. அவசரமாக வெளியே இழுத்தேன்.

"மரை சேரல அண்ணாச்சி. ஃபைன் மரை, நெருக்கமானது வேணும்."

கடைப் படியில் நின்ற ஈஸ்வரி இறங்கி வந்து, அந்தப் போல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரி, விடுங்க. சேராதத எதுக்குப் போட்டுத் திருகிக்கிட்டு?" என்றாள் கடைசியில். அவ்வளவுதான்!

மறுநாள் காலையில் குளித்து, துண்டு, மாற்று லுங்கி எல்லாம் பையில் வைத்துக்கொண்டு, அவளை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்ப வாசலுக்கு வந்தேன். ஈஸ்வரி சுடிதாரில், தலையில் என் ஹெல்மெட்டோடு வண்டிமேல் உட்கார்ந்திருந்தாள். முன்சீட்டில்.

"என்ன ஈஸ்வரி, அங்க ஏறிட்ட?"

"பின்னால உக்காந்தாத்தான கால் வைக்க கட்டை வேணும்? முன்னால எல்லாம் நல்லாத்தான இருக்கு? நீங்கதான் கெட்டியாப் பிடிச்சிருந்தீயளே."

"உனக்கு ஓட்டத் தெரியாதே!"

"எங்க அண்ணன் லீவுல வாரப்ப பழக்கிவிட்டாரு. வன்னியம்பட்டியில என்னையக் கண்டாலே கோழியெல்லாம் ஒதுங்கும்."

"இத்தன வருசமாச் சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

"லைசென்ஸு?"

"பீரோவுல இருந்துச்சு, எடுத்துட்டேன். மடிச்ச துணிய என்னைக்காவது எடுத்து வச்சிருந்தா நீங்களும் பாத்திருப்பீய. ஏறுங்க."

கார்த்திகாவுக்கு வாங்கிய தகரப் பெட்டியை என் மடியில் ஏற்றினாள். கட்டை கம்பிப் பையை முன்னால் மாட்டினாள். வண்டி கிளம்பியது.

கால் வைக்க இடமில்லாத பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? தூக்கினால் தொடை நோகும். தொங்கவிட்டால் ரோடு செருப்பைக் கேட்கும். இடது கால் அசந்தால் வலது காலைத் தூக்கினேன். வலது கால் கெஞ்சினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாமியைக் கூப்பிட்டேன். எங்கள் ராஜபாளையம் நாயின் பெருமை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்படி ஒன்று என் காலைப் பார்த்தபடியே கூட ஓடி வந்தது. அவ்வளவு பக்கத்தில் கால் தொங்கி அதுவும் பார்த்ததில்லை போல.

மில் வாசலில் ஷிஃப்ட் முடிந்த கூட்டம்.

"என்ன சார், அக்காவுக்கு வண்டி பழக்குறீயளா?"

"ஆமா" என்றேன், கால்கள் இரண்டும் அந்தரத்தில் இருக்க.

"மெதுவாப் போ ஈஸ்வரி!"

"மெதுவாப் போனா சோறு ஆறிரும்ங்க."

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நிறுத்தினாள். இறங்கினேன். என் கால்கள் கொஞ்ச நேரம் என்னை யாரென்றே தெரியாத மாதிரி நடந்துகொண்டன. ஜெயபாண்டிக்குப் போன் போட்டேன். போனுக்குள் இருந்த பெண், அவன் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக இரண்டு பாஷையில் சொன்னாள். ஓடையில் முங்கிக் கிடக்கிறான், பாவி. என் போல்ட்டும் அங்கே குளித்துக்கொண்டிருக்கும்.

நல்லவேளை, பால்கோவாக் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறந்திருந்தது. கட்டை கம்பிப் பையோடு உள்ளே ஓடினேன்.

"எட்டு எம்.எம். போல்ட்டு குடுங்க. சீக்கிரம்!"

"என்ன நீளம்?"

"எந்த நீளமானாலும் சரி!"

"கொஞ்சம் துருப்பிடிச்சது கிடக்கு..."

"துருதான் அண்ணாச்சி கெட்டியாப் பிடிக்கும். குடுங்க!"

பால்கோவாப் பொட்டலத்தோடு ஈஸ்வரி வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, மதுரையில இருந்து வர வேண்டாமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த இடத்தில் அவளுக்கும் கேட்கிற மாதிரி உண்மையைச் சொன்னேன். "உங்க அண்ணன் மறுபடியும் கூரையில ஏத்திருவாருன்னு பயந்துட்டேன், ஈஸ்வரி."

"அத எங்கிட்டச் சொன்னா என்ன? அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருப்பேன்லா. இன்னைக்கு உங்களுக்கு ஒரு வேலையும் அவரச் சொல்ல விடமாட்டேன். சரியா?"

கண் கலங்கிவிட்டது எனக்கு. நம்ம ஈஸ்வரி! இனி வண்டியை என்னிடம் தந்துவிடுவாள் என்று நம்பினேன். கடைக்காரரே வெளியே வந்து, கால்கட்டைகளையும் ஃபுட்ரெஸ்ட்டையும் மாட்டி, முறுக்கி, ஏறி நின்று மிதித்துப் பார்த்தார்.

"இனி ஆனை உக்காந்தாலும் அசையாது. அம்மா தைரியமா உக்காரலாம், அண்ணாச்சி."

அம்மா அதற்குள் முன்சீட்டில் ஏறி, ஹெல்மெட்டை மாட்டி, வண்டியை உறுமவிட்டிருந்தாள்.

"உக்காருறது நாந்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.