வெப்பப் பம்பிக்கு எந்த மூலை?

இருபத்துமூன்று பேர். ஜேர்மனியின் பான் நகரில் பழைய வீடொன்றை வாங்கிய மகேந்திரராஜா, அதற்குக் காஸ் சூடாக்கியா வெப்பப் பம்பியா என்று அபிப்பிராயம் கேட்ட ஆட்களின் தொகை இது. ‘கேட்டுப் பார்ப்பவர்’ என்னும் இனத்தை உங்களுக்குத் தெரியும். அறிவு தேடிக் கேட்கிறார் என்று ஏமாந்துவிடாதீர்கள். பிழையாகிப்போனால் பழி போட ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

பல் வைத்தியரிடம் பாதி வாய் மரத்த நிலையில் கேட்டார், தேர்த் திருவிழாவில் வடத்தை இழுத்தபடி கேட்டார், செத்தவீட்டில் மலர்வளையத்தோடு நின்றவரை ஓரமாகக் கூட்டிப்போயும் கேட்டார். காஸ் என்றவரிடம் பம்பியைப் புகழ்ந்தார், பம்பி என்றவரிடம் காஸைப் புகழ்ந்தார். முடிவில் எல்லோருக்கும் ஒரே வசனம்: “ஓம் அண்ணை, நல்ல கதை. இன்னொராளிட்டையும் கேட்டுப் பாப்பம்.”

வீட்டில் இருந்த பழைய சூடாக்கி நின்று ஏழு வாரம்.

“இஞ்சேருங்கோ, ஆதிரை கையுறையோட சோதினைக்குப் படிக்கிறாள். வாற கிழமை ஸ்னோவாம்,” என்றார் மனைவி ரஞ்சினி, மகளின் அறையைக் காட்டி.

“இதில அவசரப்பட ஏலாது.”

தொழில்நுட்பர் நடாலி வந்து அளந்தார். வேறொருவர் வேண்டாமென்ற பம்பி ஒன்று கையில் இருக்கிறது. இன்றே கையெழுத்திட்டால் திங்கள் வேலை தொடங்கலாம், இல்லாவிட்டால் அடுத்த தெர்மின், அதாவது வேலைக்கான நாள், மார்ச்சில்தான் என்றார்.

மகேந்திரராஜா தொண்டையைச் செருமினார். இந்த இயந்திரம் நெருப்பா, காற்றா?

“அது எந்தப் படிவத்துக்கு?” என்று கேட்டார் நடாலி.

மனையடி சாத்திரத்துக்கு. நெருப்பென்றால் தென்கிழக்கு மூலை, காற்றென்றால் வடமேற்கு. வடகிழக்கு ஈசான மூலை, அங்கே இரண்டும் ஆகாது. காற்றிலிருந்து சூடு எடுக்கும் சாமானை எங்கே வைப்பது? காஸ் என்றால் இந்தக் குழப்பமில்லை, அது நேர்மையான நெருப்பு.

“சாத்திரியாரை ஒருக்காக் கேட்டுப்போட்டு வாறன்,” என்று அவர் தொலைபேசியைத் தூக்கினார்.

ரஞ்சினி பேனையைத் தூக்கினார். வீடு அவருடைய பெயரிலும்தான் இருக்கிறது.

“கேக்காமல் கையெழுத்துப் போட்டிட்டீர். பிறகு என்னைச் சொல்லக்கூடாது,” என்றார் மகேந்திரராஜா. அவர் முகத்தில் ஏழு வாரமாக இல்லாத நிம்மதி. ஆள் கிடைத்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? நல்லது. இதை நாலு பேருக்கு அனுப்பி, ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டுச் சிரிக்கலாமென்று இருந்தீர்களானால், கைப்பேசியைக் கீழே வையுங்கள்.

நடாலி திங்கள் காலை ஏழரைக்கு வருகிறார். அளந்து பார்த்ததில், பம்பிக்கு இடம் வடகிழக்கு மூலையில் மட்டுமே உண்டு.